கீழிருந்து மேலே போன பாட்டு

ஏனுங்க, இங்கிலீஷ் பாட்டு நடத்தறதுக்கு ஏதாவது வழி சொல்லிக் குடுங்கன்னு போன்ல கேட்டீங்களே, அப்பவே எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. வழி தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இத்தனை வருஷம் தொண்டை காயக் கத்தியிருக்கப் போறேன்? ஆனாலும் கேட்டுட்டீங்க. உங்கள்ல சில பேருக்கு எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வேலை, சில பேருக்கு சாந்தன்பாறை, வண்டன்மேடுன்னு மலைமேல வேலை. எங்க போனாலும் நம்ம கேரளாவுல தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப் போறீங்க. அதனால எனக்கு நடந்தது ஒண்ணைச் சொல்றேன். வேண்டியதை அதுல இருந்து நீங்களே எடுத்துக்கங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் கோவக்காரி. ரிட்டயர் ஆகியும் குறையலை. பாட்டைப் போர்டுல எழுதிப் போட்டு, கஷ்டமான சொல்லுக்கெல்லாம் அடியில கோடு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் எழுதி, அப்புறமா 'எல்லாரும் படிங்க'ன்னு யாராவது சொன்னா எனக்கு இன்னமும் பத்திக்கிட்டு வரும். இலையில சோத்தைப் போடாம, சோத்துல என்னென்ன சத்து இருக்குதுன்னு பாடம் எடுத்துக்கிட்டு இருந்தா பிள்ளை எப்பங்க சாப்பிடும்?

என்னோட கடைசி சில வருஷம் சாந்தன்பாறைக்கு மேல ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல போச்சு. சரிவுல பாதி உயரத்துல பள்ளிக்கூடம். கீழ தார் ரோடு. ரோட்டுல இருந்து பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு ஒத்தையடிப் பாதை மேல ஏறும். பாதைக்கு ரெண்டு பக்கமும் ஏலக்காடு. அதுக்கும் மேல சோலை. அங்கிருந்துதான் ஆனை இறங்கும்.

எங்க பக்கத்துல மயில் வரும், பன்னி வரும். ஆனை வர்ற ஊருல நான் அதுக்கு முன்னாடி வேலை பார்த்ததில்லைங்க. பிள்ளைகளுக்கு என்னைப் பார்த்தா வேடிக்கை. நான் 'ஊட்டுப்பாடம் எழுதினீங்களா'ன்னு கேட்டா வகுப்பே சிரிக்கும். 'ஏனுங்க'ன்னு நான் எங்கயாவது சொல்லிட்டா, சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு கூப்பிட்டுக்குவாங்க. 'சிரிங்கடா, சிரிங்க. என் தமிழைப் பார்த்துச் சிரிக்கிற வாய் இங்கிலீஷைப் பார்த்தா எதுக்குடா ஒட்டிக்குது?'ன்னு கேட்பேன். உடனே எல்லா வாயும் ஒட்டிக்கும்.

அதுல ரொம்ப ஒட்டின வாய் அபிநயாவோடது. பத்தாம் வகுப்பு. அம்மா பாக்கியம் ஏலக்காட்டுல காய் எடுக்கிறவங்க. அப்பா மூணாறுல ஜீப் ஓட்டறார், வாரத்துல ஒரு நாள் வருவார். பிள்ளை எழுதச் சொன்னா எழுதும், கேட்டா தலையாட்டும். எழுந்து படிச்சா மட்டும் சத்தம் சட்டைக் காலருக்குள்ளயே போயிடும். 'கண்ணு, கொஞ்சம் பலமா'ன்னா கண்ணுல தண்ணி கட்டிக்கும். திட்டினாலும் வராது, கொஞ்சினாலும் வராது. நான் ரெண்டும் பண்ணிப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை பூப்பாறைக்குப் போறதுக்கு ரோட்டுல ஜீப்புக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். திடீர்னு மேல காட்டுக்குள்ள ஒரு சத்தம். "ஆனை மேல! எறங்கு!" அடுத்த நொடியே அதுக்குக் கீழ இன்னொரு குரல் அதையே கூவுச்சு. அதுக்கும் கீழ இன்னொண்ணு. சரிவு முழுக்க அந்தச் சத்தம் படிப்படியா இறங்கி ரோட்டுக்கு வந்துருச்சு. அதுல நடுவுல ஒரு குரல், அப்படியொரு குரலுங்க! கணீர்னு மலையில மோதித் திரும்பி வந்துச்சு. பக்கத்துல டீக்கடைக்காரரைக் கேட்டேன், யாருங்க அதுன்னு. "அது பாக்கியத்தோட மக டீச்சர். அம்மாவுக்குச் சோறு கொண்டு போயிருக்கும்" அப்படின்னார். நான் வாயைப் பொளந்துட்டேன்.

அந்தக் கூவலைப் பத்தி அன்னைக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுக்கிட்டேன். போன்ல ஆனை எங்க நிக்குதுன்னு மெசேஜ் வரும்தான். ஆனா அந்தப் பள்ளத்துல எங்கங்க சிக்னல் கிடைக்குது? அதனால பொம்பளைங்க கூவித்தான் சேதி அனுப்புவாங்க. அதுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்குது. மேல இருக்கிறவ கூவினா கீழ இருக்கிறவ அப்படியே கூவணும். என்ன, ஏது, எங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. முதல்ல அனுப்பு, அர்த்தம் அப்புறம் கேட்டுக்கலாம். அனுப்பிட்டுக் காயைப் போட்டுட்டு இறங்கிடணும். ஆனை கிட்ட வந்ததுக்கப்புறம் மூச்சு விடக் கூடாது. அந்த மாதிரி ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூவறதை வேற எதுக்கும் பயன்படுத்த மாட்டாங்க. சாப்பிடக் கூப்பிடறதுக்குக் கூடக் கிடையாது.

ஜீப்புல உக்காந்து பூப்பாறை போற வரைக்கும் எனக்கு அந்தக் குரல்தான் காதுல. முதல்ல அனுப்பு, அர்த்தம் அப்புறம். அட, இதைத்தானே நான் வகுப்புல பண்ண முடியாம முட்டிக்கிட்டு இருக்கேன்!

பாடப் புத்தகத்துப் பாட்டைத் தொடறதுக்கு முன்னாடி வாயைத் திறக்க வைக்கிறதுக்குன்னு நானே நாலு வரி கட்டினேன். பெரிய கவிதையெல்லாம் இல்லைங்க.

டவுன் த ஹில் த ரெய்ன் கேம் ரன்னிங்,
நாக்டு அட் எவ்ரி டோர்.
"ஹூ இஸ் ஹோம்?" இட் ஆஸ்க்டு மை மதர்.
"ஆல் ஆர் ஹோம், அண்ட் மோர்."

மலையில இருந்து மழை ஓடி வந்து ஒவ்வொரு கதவாத் தட்டுது. 'வீட்டுல யாரு இருக்கீங்க'ன்னு அம்மாகிட்டக் கேட்குது. 'எல்லாரும் இருக்கோம், கூடவும் ஆள் இருக்குது'ன்னு அம்மா சொல்றாங்க. அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பாதையில தள்ளித் தள்ளி நிறுத்தினேன். மேல நிக்கிற பிள்ளை ஒரு வரி கூவும், கீழ நிக்கிறது வாங்கி அடுத்ததுக்கு அனுப்பும். முதல் நாள் ஒரே சிரிப்பு. ரெண்டாம் நாள்தான் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுச்சு. ஏன்னா, இங்கிலீஷ்ல எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி சொல்லக் கூடாது, எங்க அழுத்தணுமோ அங்க அழுத்தணும்னு மேசையைத் தட்டித் தட்டி வருஷக்கணக்காச் சொல்லியிருக்கேன், ஒருத்தருக்கும் ஏறினதில்லை. இங்க அழுத்தாட்டி சத்தம் அடுத்த பிள்ளைக்குப் போய்ச் சேராது. 'டவுன்'னை வீசணும், 'ஹில்'லை வீசணும், 'ரெய்ன்'னை வீசணும். நடுவுல இருக்கிற பொடிச் சொல்லெல்லாம் தானா அடங்கிப் போச்சு. ஒருத்தரும் சொல்லித் தரலை, அந்தச் சரிவே சொல்லிக் குடுத்துருச்சு.

அபிநயா? ரெண்டாம் நாள் அவ கூவினதைக் கேட்டுட்டு பக்கத்துல காய் எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்களே நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அவ என்கிட்ட வந்து நின்னா. தரையைப் பார்த்துக்கிட்டே, "டீச்சர், நான் பிளஸ் ஒன் போகலாம்ல? அங்க எல்லாமே இங்கிலீஷ்தானாம். போன வாரம் வரைக்கும் வேணாம்னு நெனச்சிருந்தேன்" அப்படின்னா. அவ அத்தனை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்தாவது முடிஞ்சதும் ரிசார்ட்டுல ரூம் கூட்டற வேலைக்குப் போறதா முடிவு பண்ணியிருந்த பிள்ளைங்க அது.

சரி, இப்பச் சிக்கலுக்கு வர்றேன்.

அதுக்கடுத்த நாள் மூடுபனி. முன்னால நிக்கிற பிள்ளை தெரியலை. நான் நிறுத்தியிருக்கலாம்னு நீங்க சொல்வீங்க. பனியில கூவினா இன்னும் நல்லாத்தானே இருக்கும்னு பிள்ளைகளுக்கு ஆசை. இங்கிலீஷ்ல கூவினா யாரு ஆனைன்னு நினைக்கப் போறாங்கன்னு அவங்களும் நினைச்சாங்க, நானும் நினைச்சேன். மேல இருந்து 'டவுன் த ஹில்' கிளம்புச்சு. படிப்படியா இறங்குச்சு. கடைசிப் பிள்ளைக்கு அப்புறமும் நிக்கலைங்க! அதுக்குக் கீழ பனிக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரல், "ஆனை மேல! எறங்கு!"

அவங்களுக்குப் பனியில பிள்ளைகளும் தெரியலை, வார்த்தையும் கேட்கலை. கேட்க வேண்டியதும் இல்லை. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூவற அந்த முறை காதுல விழுந்தாலே அது ஆனைதான். ரெண்டு பக்கமும் பொம்பளைங்க காய்ச்சாக்கை எறிஞ்சுட்டு ஓடினாங்க. ஃபாரஸ்ட் வாச்சர் வந்து ஆனையை விரட்டப் படக்கம் வெடிச்சார். டீக்கடை ஷட்டர் இறங்குச்சு. கொஞ்ச நேரத்துல கூட்டம் மொத்தமும் பள்ளிக்கூட முத்தத்துல வந்து நின்னுச்சு. பாக்கியம் முட்டி சிராய்ச்சு ரத்தம் வர, மூச்சு வாங்கிக்கிட்டு, "ஆனை எங்க?"ன்னு கேட்டாங்க.

எங்க வகுப்புல ஒரு பையன் மெதுவா, "ஆனை இல்லக்கா. அது இங்கிலீஷ் பாட்டு" அப்படின்னான்.

அப்புறம் ஒருத்தி சிரிச்சா, இன்னொருத்தி சிரிச்சா. "ஆத்தாடி, இங்கிலீஷுக்குப் பயந்து ஓடியாந்த கூட்டம் நாமதாண்டி"ன்னு ஒருத்தி சொன்னதும் வாச்சரும் சிரிச்சுட்டார். பாக்கியம் மட்டும் சிரிக்கலை.

"டீச்சர், நீங்க படிச்சவுக. கோவிச்சுக்காதீக. இந்தச் சத்தம் எங்க உசுரு. இத வெளையாட்டுக்கு எடுத்தீகன்னா, நாளைக்கு நெசமாவே ஆனை வரும்போது இவளுக, பள்ளிக்கூடத்துப் புள்ளைகதான்னு குனிஞ்சு காய் எடுத்துக்கிட்டு இருப்பாளுக. அப்ப யாரு பதில் சொல்றது?" மூச்சு வாங்கிட்டு, ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினாங்க. "சார், திங்கக்கெழம எம் புள்ளைக்கு டிசி எழுதி வைங்க. போடியில என் தங்கச்சி வீடு இருக்கு. அவ அங்கிட்டே படிக்கட்டும்."

அபிநயா முகத்தைப் பார்க்கணுமே! முந்தின நாள்தான் பிளஸ் ஒன் போகலாமான்னு கேட்ட பிள்ளை. பாதி வருஷத்துல வேற ஸ்டேட்டு, வேற பாடம், வேற பரீட்சை. போடிக்குப் போனா அவ வாய் மறுபடியும் மூடிக்கும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கூட்டம் கலைஞ்சதும் ஹெட்மாஸ்டர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுசன். தொடுபுழைக்காரர், பேச்சுல மலையாளம் கலந்திருக்கும். பள்ளிக்கூடச் சமையல்கட்டுக்குப் பின்னாடி சொந்தக் கையால ஏத்தவாழை, அதாவது நேந்திரன், வச்சு வளர்த்துக்கிட்டு இருந்தார். நான் போனதும் போகாததுமா பொரிய ஆரம்பிச்சேன். "சார், உலகத்துல எந்த டீச்சரும் பண்ணாததை நான் பண்ணியிருக்கேன். ஊமையா இருந்த பிள்ளைங்க கூவுது. இதைப் போய்..." அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சரே, பாட்டுக்கு வக்காலத்து வேண்டாம் கேட்டோ. அவங்க பாட்டைக் குறை சொல்லலையல்லோ. அவங்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு டீச்சரோட பதில் என்ன? அதை மட்டும் யோசிச்சா மதி, அது போதும்."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா அது சரி. நீங்களும் இதை ஞாபகம் வச்சுக்கங்க. பெத்தவங்க வந்து சண்டை போடும்போது நம்ம பாடம் எவ்வளவு உசத்தின்னு நாம விளக்க ஆரம்பிச்சுடுவோம். அவங்க கேட்டது அது இல்லைங்க.

இனிமே கூவ மாட்டோம்னு சொல்லிட்டா சண்டை முடிஞ்சுரும். ஆனா அபிநயாவோட வாயும் முடிஞ்சுரும். மறுநாள் மத்தியானம் பொம்பளைங்க சோத்துக்கு உக்காந்திருக்கிற இடத்துக்கு நான் போனேன். அபிநயாவும் என் பின்னாடியே வந்தா. நான் கூப்பிடலை. பாக்கியம் என்னைப் பார்த்துத் தூக்குவாளி மூடியைத் தட்டி வச்சுட்டு, "டிசி எழுதிட்டீகளா?"ன்னுதான் கேட்டாங்க.

"எழுதலாமுங்க. அதுக்கு முன்னாடி, உங்க பயத்தைப் போக்க என்ன பண்ணணும்னு சொல்லுங்க. ஒண்ணும் பண்ண முடியாதுன்னா நான் நிறுத்திக்கறேன்" அப்படின்னேன்.

"என்னத்தப் பண்ண? ரெண்டு சத்தமும் ஒண்ணாத்தான கேக்குது."

அப்ப என் முதுகுக்குப் பின்னாடி இருந்து ஒரு குரல்.

"ஒண்ணா கேக்காதும்மா. ஆனை மேலருந்துதான வரும்? சத்தம் கீழதான எறங்கும்? நாங்க பாட்ட கீழருந்து மேல அனுப்புறோம்."

எல்லாரும் திரும்பினோம். அபிநயா! தரையைப் பார்த்துக்கிட்டேதான் பேசினா. ஆனா நிறுத்தலை. "மேல ஏறுச்சுன்னா அது பாட்டு. கீழ எறங்குச்சுன்னா அது ஆனை. பனி இருந்தா கூவ மாட்டோம். பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டிக்கு மேல ஒரு புள்ளையும் நிக்காது. பாட்டு பாதியில இருக்கும்போது மேலருந்து சத்தம் வந்தா, வாயில இருக்கிறத முழுங்கிட்டு ஆனைய அனுப்பிருவோம். தொட்டிக்கிட்ட நானே நிக்கிறேன்."

பாக்கியம் மகளை ஏற இறங்கப் பார்த்தாங்க. "ஏண்டி, வீட்டுல வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த இம்புட்டு நாளு?"

பொம்பளைங்க சிரிச்சாங்க. ஒருத்தி, "நல்லாத்தான சொல்லுது பாக்கியம், ஒரு நாளு பாப்போமே" அப்படின்னா. பாக்கியம் லேசுல விடலை. "ஒரு நாளு. வெள்ளிக்கெழம. நான் மேல கடைசி வரிசையில இருந்து கேப்பேன். ஒரு சத்தம் மாறுச்சோ, திங்கக்கெழம டிசி." அவங்க சொன்னாச் சொன்னதுதான்னு மத்த பொம்பளைங்க முகத்துலயே தெரிஞ்சுச்சு.

வெள்ளிக்கிழமை வெயில் பளிச்சுன்னு இருந்துச்சு. ரோட்டோரத்துல ஒரு பையன். அங்கிருந்து மேல மேலப் பிள்ளைங்க. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் மேல, தண்ணித் தொட்டிகிட்ட, கடைசியா அபிநயா. அவ வாங்கற வரியை அதுக்கும் மேல இருக்கிற பொம்பளைங்களுக்குக் கேட்கிற மாதிரி கூவணும். அத்தோட அந்த வரி நின்னுரும். நான் தொட்டிக்குக் கீழ நின்னேன். ஹெட்மாஸ்டர் வராந்தாவுல நின்னு கும்பிட்டுக்கிட்டே இருந்தார், யாரைன்னு தெரியலை.

முதல் வரி கீழ இருந்து கிளம்பி ஜம்முனு ஏறுச்சு. அபிநயா வாங்கி வீசினா. ரெண்டாவது வரி ஏறுச்சு. மேல காட்டுல யாரோ கை தட்டினாங்க. மூணாவது வரி, 'ஹூ இஸ் ஹோம்?' கீழ இருந்து ஏறி, அபிநயாவுக்கு முந்தின பிள்ளை வரைக்கும் வந்துருச்சு. அபிநயா மூச்சை இழுத்தா. வாயைத் திறந்தா.

"ஆனை மேல! எறங்கு!"

அது பாக்கியத்தோட குரல். உச்சியில இருந்து.

நான் ஒரு நொடி நின்னுட்டேனுங்க. பரீட்சை வைக்கிறாங்களோன்னு தோணுச்சு. நிஜமா சொல்றேன், அந்த அம்மா செஞ்சாலும் செய்வாங்கன்னு நினைச்சேன். அபிநயா நினைக்கலை. வாய்க்குள்ள இருந்த வரியை முழுங்கினா. அப்படியே ரோட்டுப் பக்கம் திரும்பி, "ஆனை மேல! எறங்கு!"ன்னு வீசினா பாருங்க, அந்தச் சத்தம் மலையில மோதித் திரும்பி வந்துச்சு. கீழ நின்ன பிள்ளை வாங்குச்சு, அதுக்குக் கீழ வாங்குச்சு. ஒருத்தரும் ஏன்னு கேட்கலை. ரெண்டு பக்கத்துல இருந்தும் பொம்பளைங்க சாக்கைப் போட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. ஒருத்தியாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான்னு குனிஞ்சு நிக்கலை. மேல இருந்து இறங்குச்சு, அதனால அது ஆனை.

எல்லாரையும் பத்தாம் வகுப்புக்குள்ள தள்ளினேன். கெட்டியான சுவரு அந்த ரூமுக்குத்தான். பெஞ்சுக்கு மேல, பெஞ்சுக்கு அடியில, தாயும் பிள்ளையுமா நெருக்கி உக்காந்தாங்க. ஆனை பாதை வழியாவே இறங்கி, சமையல்கட்டுக்குப் பின்னாடி வந்து நின்னுருச்சு. வாழை முறியற சத்தம் கேட்குது. ஹெட்மாஸ்டர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "என் ஏத்தவாழை..."ன்னு முணுமுணுத்தார்.

பாக்கியம் மட்டும் வரலை.

அபிநயா கதவுகிட்ட நின்னா. மேல பார்க்கறா, பாதையைப் பார்க்கறா. அவ நெஞ்சு ஏறி இறங்கறதைப் பார்த்தேன். மூச்சை இழுத்தா. அம்மான்னு கூவப் போறா. அந்தக் குரல் கிளம்பினா ஆனை திரும்பும், அம்மா எங்க இருந்தாலும் வெளிய வந்துருவாங்க. நான் யோசிக்கலைங்க. என் கை அவ வாய்மேல போச்சு. பொத்திப் பிடிச்சேன். அந்த வாயைத் திறக்க வைக்கத்தான் மாசக்கணக்காப் பாடுபட்டேன், இப்ப என் கையாலயே மூடிக்கிட்டு நிக்கறேன். அவ கண்ணீர் என் விரல்மேல ஓடுது. 'இரு கண்ணு, இரு அம்மிணி, உங்கம்மா வந்துருவாங்க'ன்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாமத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்துல ஓடைப் பக்கத்து ஜன்னலுக்கு வெளிய ஒரு தலை தெரிஞ்சுச்சு. பாக்கியம். ஆனை பாதையில நின்னதால ஓடையைச் சுத்திக்கிட்டு வந்திருக்காங்க. சேறும் நனைஞ்ச சேலையுமா பின்கதவு வழியா உள்ள வந்து, சத்தமில்லாம மகளை இழுத்து மடியில போட்டுக்கிட்டாங்க. என் கை விட்டுப்போச்சு. நான் சுவர்ல சாஞ்சு உக்காந்துட்டேன்.

ஆனை போகலை. வாச்சர் வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. சின்ன வகுப்புப் பிள்ளை ஒண்ணு விசும்ப ஆரம்பிச்சுச்சு. அம்மா வாயைப் பொத்தினா, விசும்பல் அதிகமாச்சு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்ப கடைசி பெஞ்சுல இருந்த எங்க பையன், ரோட்டோரத்துல முதல் ஆளா நின்னவன், முன்னால இருந்தவ காதுல என்னமோ சொன்னான். அவ அதுக்கு முன்னால இருந்தவன் காதுல சொன்னா. என்கிட்ட வந்தப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

'டவுன் த ஹில் த ரெய்ன் கேம் ரன்னிங்.'

காத்து மாதிரி ஒரு குசுகுசு. நடுவுல பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க இல்லைங்களா, அவங்க காதுலயும் விழுந்துச்சு. அவங்களும் ஒண்ணும் கேட்காம அடுத்த காதுக்கு அனுப்பினாங்க. பழக்கம்! அழுத பிள்ளை தன் காதுல விழுந்ததைக் கேட்டு விசும்பலை நிறுத்திட்டு, அம்மா காதுல சொல்லுச்சு. ரெண்டாவது வரி வந்துச்சு. மூணாவது வரி வந்துச்சு. 'ஹூ இஸ் ஹோம்?' தொட்டிகிட்ட முழுங்கின அந்த வரி மறுபடியும் அபிநயாகிட்ட வந்து சேர்ந்துச்சு. அவ அம்மா மடியில இருந்து நிமிர்ந்து, அம்மா காதுல அதைச் சொன்னா. அப்புறம் நாலாவது வரியைக் கேட்கறதுக்கு நிக்காம அவளே சொன்னா. 'ஆல் ஆர் ஹோம், அண்ட் மோர்.'

பாக்கியம் உதடு மெல்ல அசைஞ்சுச்சு. பக்கத்துல இருந்தவ காதுல அதைச் சொன்னாங்க. அவ அடுத்தவளுக்குச் சொன்னா. ஆளுக்கொரு மாதிரி, ஆனா 'ஹோம்' மட்டும் எல்லார் வாயிலயும் ஒரே அழுத்தமா வந்துச்சு. நான் அழுதுட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

வாச்சரு வந்து படக்கம் போட்டு, ஆனை ரோட்டைத் தாண்டிப் போனதுக்கப்புறம் கூட்டம் கலைஞ்சுது. ஹெட்மாஸ்டர் போய் வாழையைப் பார்த்துட்டு வந்து, "ஒரு தை, ஒரு சின்னக் கன்னாவது விட்டு வைச்சிருக்கலாம்"னார். அவர் மேசைமேல பாதி எழுதின டிசி இருந்துச்சு.

பாக்கியம் சாக்கைத் தேடிக்கிட்டு முத்தத்துல நின்னாங்க. நான் போனேன். எதையாவது கேட்கணுமேன்னு கேட்டேன். "ஏனுங்க பாக்கியம், கடைசி வரி உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"எனக்கு எங்கிட்டுப் புரிய?"

"அப்புறம் எதுக்கு அடுத்தவங்களுக்குச் சொன்னீங்க?"

அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில, இத்தனை வருஷம் இங்க இருந்தும் இது கூடத் தெரியலையான்னு ஒரு சலிப்பு இருந்துச்சு. "வந்தா அனுப்பணும்ல டீச்சர்? அர்த்தத்த அப்புறம் அவகிட்டக் கேட்டுக்கிறேன்" அப்படின்னு சாக்கை இடுப்புல வச்சாங்க. ரெண்டு அடி போய்த் திரும்பி, மகளைக் காட்டிச் சொன்னாங்க. "அவ இங்கிட்டுத்தான இருக்கப் போறா."